ஒரே கயிற்றில் இரண்டு வேலை

சிறிய பாய்ப்படகு ஒன்றில் எத்தனையோ கயிறுகள் இருந்தாலும், கரையை விட்டது முதல் கரை சேரும் வரை படகோட்டியின் கையை விட்டு அகலாத கயிறு ஒன்றுதான். பாயை மேலேற்றும் ஆஞ்சான் கயிறு ஒருமுறை இழுத்துக் கட்டப்பட்டால் மறக்கப்பட்டுவிடுகிறது. பாயின் விளிம்புகளை இறுக்கும் கயிறுகள் காற்றின் போக்கு மாறினாலொழியத் தொடப்படுவதில்லை. ஆனால் பெரிய பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பயன்படும் தாமான் கயிறு, அதாவது பந்தயப் படகோட்டிகள் மெயின்ஷீட் என்று அழைப்பது, நொடிக்கு நொடி இழுக்கப்பட்டும் நெகிழ்த்தப்பட்டும் உயிரோடு இருக்கிறது. காற்று கூடுவதும் குறைவதும் நீரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிகிற அதே வேளையில் அக்கயிற்றின் வழியாக உள்ளங்கைக்கும் வந்து சேர்கின்றன. ஆகவே அது படகின் எந்த இடத்தில் கட்டப்பட வேண்டும், எத்தனை கப்பிகளைச் சுற்றி வர வேண்டும், டிராவலர் எனப்படும் குறுக்குத் தண்டவாளம் அதற்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விகள், உதிரிபாகக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்துவிடக்கூடியவை அல்ல.

இக்கேள்விகள் எழுவதற்குக் காரணம், மெயின்ஷீட் ஒரே கயிறாக இருந்துகொண்டு இரண்டு வேலைகளைச் செய்ய நேர்ந்திருப்பதே. பாயின் அடிவிளிம்பைத் தாங்கி நிற்கும் கிடைக்கம்பான பூம், பாய்மரத்தோடு இணையும் மூட்டில் பக்கவாட்டிலும் மேலுங்கீழுமாகவும் அசையக்கூடியது. கயிறு இழுக்கப்படும்போது பூம் படகின் நடுக்கோட்டை நோக்கி உள்ளே வருகிறது. அதே இழுப்பில் கீழ்நோக்கியும் இறங்குகிறது. இவ்விரண்டில் எது எவ்வளவு நிகழ்கிறது என்பது கயிற்றின் சாய்வைப் பொறுத்தது. பூம் கயிற்றின் அடித்தளத்திலிருந்து 1 மீட்டர் உயரத்திலும் 1 மீட்டர் வெளியேயும் நின்றால், 20 கிலோ அளவிலான இழுப்பில் உள்நோக்கி 14 கிலோவும் கீழ்நோக்கி 14 கிலோவுமாக விசை சமமாகப் பிரிகிறது. அதே பூம் நடுக்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவுக்கு வந்துவிட்டாலோ, கீழ்நோக்கிய பங்கு 19 கிலோவாக உயர்ந்து, உள்நோக்கிய பங்கு 6 கிலோவுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. காற்றை எதிர்த்து ஏறிச்செல்லும் படகுக்கு, பாய் நடுக்கோட்டுக்கு மிக அருகே வரவேண்டிய அந்தக் கடைசி சில அங்குலங்களில்தான் கயிறு உள்ளே இழுப்பதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு கீழே இழுப்பதை மட்டும் செய்யத் தொடங்குகிறது.

கீழே இழுக்கப்படுவதால் என்ன நேர்கிறது என்பதை அறியப் பாயின் பின்விளிம்பைக் கவனிக்க வேண்டும். பூம் தாழும்போது அவ்விளிம்பு விறைக்கிறது. உயரும்போது தளர்ந்து, பாயின் மேற்பகுதி கீழ்ப்பகுதியை விட வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. இந்தத் திருகலைப் படகோட்டிகள் பாயின் முறுக்கு என்பார்கள். முறுக்கு குறைபாடு அன்று. அது ஓரளவு தேவைப்படுவது. நீரின் உராய்வால் கடல்மட்டத்தை ஒட்டிய காற்று மெதுவாகவும் பாய்மர உச்சியில் வீசும் காற்று வேகமாகவும் இருக்கின்றன. படகின் வேகமோ உச்சிக்கும் அடிக்கும் ஒன்றே. எனவே ஓடும் படகின் மீது காற்று வந்து படுவதாக உணரப்படும் திசை, அடியில் முன்பக்கமாகவும் உச்சியில் சற்றே பக்கவாட்டாகவும் அமைகிறது. பாயும் அதற்கேற்ப மேலே செல்லச்செல்லத் திறந்துகொள்ள வேண்டும். மென்காற்றில் முறுக்கு கூடுதலாகவும், நடுத்தரக் காற்றில் குறைவாகவும், படகைக் கவிழ்க்கும் அளவுக்குக் காற்று வலுக்கும்போது உச்சியின் அழுத்தத்தைக் கழித்துவிட மீண்டும் கூடுதலாகவும் வேண்டியிருக்கிறது. ஆக, படகோட்டி மென்காற்றில் கேட்பது பூம் நடுவில் நிற்கவும் வேண்டும், கீழே இழுபடாமலும் இருக்க வேண்டும் என்பதைத்தான். படகின் நடுவில் ஒரே புள்ளியில் கட்டப்பட்ட கயிற்றால் இந்த வேண்டுகோளை நிறைவேற்ற முடியாது.

டிராவலர் பிறந்தது இந்த முரணிலிருந்துதான் என்று சொல்லத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. படகின் குறுக்கே கிடக்கும் ஒரு தண்டின் மீது தாமான் கப்பி வழுக்கிச்செல்லும் ஏற்பாடு, பாயின் வடிவம் பற்றிய நுட்பங்கள் பேசப்படுவதற்கு வெகுகாலம் முன்பே உழைக்கும் கப்பல்களில் இருந்தது. ஆங்கில மாலுமிகள் அதற்கு ஹார்ஸ் என்று பெயரிட்டிருந்தார்கள். தேம்ஸ் ஆற்றிலும் அதன் முகத்துவாரத்திலும் சரக்கு ஏற்றி ஓடிய தட்டையடி பார்ஜ் கப்பல்களில் அது தளத்தின் குறுக்கே போடப்பட்ட பருத்த மர உத்தரமாகவே இருந்தது. அக்கப்பல்களின் பெரிய பாய்க்குப் பூம் கிடையாது. பாயின் கீழ்மூலையிலிருந்து இறங்கிய கயிறு உத்தரத்தின் மீது இப்பக்கமும் அப்பக்கமும் தானாகவே சறுக்கியது. முன்பாய்க்கும் அதேபோல் ஓர் உத்தரம் இருந்ததால், கப்பல் திசை மாறும்போது பாய்கள் தாமாகவே பக்கம் மாறிக்கொண்டன. அத்தனை பெரிய கப்பலை இரண்டே பேர் ஓட்டிச்செல்ல முடிந்ததற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று. உழைப்பைக் குறைப்பதற்காகப் பிறந்த கருவி பிற்காலத்தில் வேகத்தைக் கூட்டுவதற்கான கருவியாக மாறியது என்பதை இன்றைய வாங்குநர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் சிறுபடகில் பொருத்தப்படும் டிராவலர் பல நேரங்களில் உழைப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

இன்றைய வடிவில் டிராவலர் என்பது படகின் அகலத்தில் குறுக்காகப் பதிக்கப்பட்ட உலோகத் தண்டவாளமும், அதன்மேல் ஓடும் சிறு வண்டியும், வண்டியை இருபுறமும் இழுத்து நிறுத்தும் இரண்டு சிறு கயிறுகளும் சேர்ந்தது. மெயின்ஷீட்டின் அடிக்கப்பி அவ்வண்டியில் அமர்கிறது. மென்காற்றில் வண்டியைக் காற்று வரும் பக்கமாக ஏற்றிவிட்டால், கயிறு தளர்ந்தே இருந்தும் அதன் சாய்வினால் பூம் நடுக்கோட்டுக்கு வந்துவிடுகிறது, பின்விளிம்பு திறந்திருக்கிறது. காற்று வலுக்கும்போது கயிற்றை இறுக்கி வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் காற்று போகும் பக்கமாக இறக்கிவிட்டால், பாய் தன் வடிவம் குலையாமல் மொத்தமாகத் திறந்து, படகு நிமிர்கிறது. ஒரு கயிற்றில் பிணைந்திருந்த இரண்டு வேலைகளைப் பிரித்து, எவ்வளவு கீழே என்பதைக் கயிற்றிடமும் எவ்வளவு பக்கவாட்டில் என்பதை வண்டியிடமும் ஒப்படைப்பதே டிராவலரின் சாரம். 1967இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீட்டர், ஓலாஃப் ஹார்கென் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் போன்றவை குண்டுத்தாங்கி வைத்த கப்பிகளையும் வண்டிகளையும் பரவலாக்கிய பிறகு, சுமையின் கீழும் வண்டி தடையின்றி நகரத் தொடங்கியது; அதற்கு முன்பு இறுகிய கயிற்றின் கீழ் சிக்கிக்கொண்ட வண்டியைக் காலால் உதைத்து நகர்த்த வேண்டியிருந்த படகுகள் அரியவை அல்ல.

ஆயினும் பிரித்துவிடுவது ஒன்றுதான் விடை என்றால் உலகின் புகழ்பெற்ற சிறுபடகுகள் அனைத்திலும் தண்டவாளம் இருந்திருக்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971இல் சந்தைக்கு வந்த லேசர் படகில், 4.23 மீட்டர் நீளமும் 7.06 சதுர மீட்டர் பாயும் கொண்ட அந்த ஒற்றையாள் படகில், டிராவலர் என்பது பின்புறத்தில் சுக்கான் பிடிக்கு மேலாக முக்கோணமாகக் கட்டப்பட்ட ஒரு சாதாரணக் கயிறு மட்டுமே. அதன்மேல் ஒரு கப்பி வழுக்குகிறது. கப்பியை நடுவில் நிறுத்துவதற்கு வழியே கிடையாது. பாய் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்க மூலைக்கு அது ஓடிவிடும். ஓட்டுபவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, குறுக்குக் கயிற்றை இயன்றவரை இறுக்கி, மெயின்ஷீட்டைக் கப்பியோடு கப்பி முட்டும் வரை இழுத்துப் பாய்மரத்தை வளைத்து, பாயைத் தட்டையாக்கி, அந்நிலையைக் கிக்கரில் பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டார்கள். கிக்கர் என்பது பாய்மரத்தின் அடியிலிருந்து பூமின் முன்பகுதிக்குச் சாய்வாகச் சென்று, பூம் எவ்வளவு வெளியே போனாலும் மேலெழாதபடி பிடித்திருக்கும் கயிற்றமைப்பு. கீழே இழுக்கும் வேலையை மெயின்ஷீட்டிடமிருந்து வாங்கிக்கொள்ளக்கூடிய இன்னொரு கை அது.

1976 முதல் ஒலிம்பிக்கில் இருந்துவரும் 470 என்னும் இரட்டையாள் படகு நடுவே குறுக்குத் தண்டவாளத்தோடு ஓடுகிறது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்குக்கு வந்த 49அர் படகிலோ டிராவலர் இல்லை, கீழ்நோக்கிய விசை முழுவதும் வலுவான கிக்கரின் பொறுப்பு. அதே வேளையில் காற்றை எதிர்த்து ஏறும்போது மெயின்ஷீட்டைச் சுக்கான் பிடித்தவர் கையாள்வதில்லை. துணை ஓட்டுநர் கையில் அது இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் 2021இல் எனோஷிமாவில் நடந்தபோது, சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டியது 5.76 சதுர மீட்டர் பாய் கொண்ட லேசர் ரேடியல். அதே நகரத்தின் கே. சி. கணபதியும் வருண் தக்கரும் ஓட்டியது 49அர். 1911இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் படகுக் கழகம் இருக்கும் அந்நகரத்திலிருந்து சென்ற இவ்விரு படகுகளும், ஒன்று வழுக்கும் கயிற்று முக்கோணத்தோடும் மற்றொன்று எதுவுமில்லாமலும், தண்டவாளத்தின் துணையின்றியே உலகின் மிகக் கடுமையான போட்டியைச் சந்தித்தன. இதற்கு எதிர்ப்புறத்தில் ஹோபி ஆல்டர் உருவாக்கிய ஹோபி 16 என்னும் இரட்டையுடல் படகு நிற்கிறது. அதில் கிக்கரே கிடையாது, 2.41 மீட்டர் அகலமுள்ள படகின் பின்குறுக்குச் சட்டம் முழுவதும் டிராவலராகப் பயன்படுவதால், வண்டி பூமைப் பின்தொடர்ந்து வெளியே செல்கிறது, கயிறு ஏறக்குறைய நேர்கீழாகவே இழுத்துக்கொண்டிருக்க முடிகிறது. அகலமான படகில் டிராவலரே கிக்கர் ஆகிறது. குறுகிய படகில் கிக்கரே டிராவலரின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பந்தய வகுப்புகளில் விதிகள் தெரிவைச் சுருக்கிவிடுவதால் ஓட்டுபவருக்குக் குழப்பம் குறைவு. உண்மையான தடுமாற்றம் ஒரே படகைப் பல பயன்களுக்கு வைத்திருப்பவருக்கே. பிரிட்டனின் இயன் புரோக்டர் 1957இல் வடிவமைத்த வேஃபேரர் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 4.82 மீட்டர் நீளமுள்ள அத்திறந்த படகில் பந்தயமும் ஓட்டலாம், பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தரலாம், இரவில் பூமின் மீது துணிக்கூடாரம் போட்டுத் தரைப்பலகையில் படுத்துறங்கவும் செய்யலாம். ஃபிராங்க் டை தம் வேஃபேரரில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், மறு ஆண்டில் நார்வேக்கும் சென்றார். வாண்டரர் என்னும் அப்படகு இன்று ஃபால்மத்தில் கார்ன்வால் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இத்தகைய படகில் மெயின்ஷீட்டைப் பூமின் கடைசி முனையிலிருந்து பின்பலகைக்கு இறக்குவதா, பூமின் நடுவிலிருந்து படகின் நடுவுக்கு இறக்குவதா என்பதுதான் முதல் தீர்மானம். டிராவலர் பற்றிய கேள்வி அதற்குப் பின்புதான் வருகிறது.

முனையிலிருந்து இழுப்பது நெம்புகோலின் நீண்ட கையைப் பிடித்து இழுப்பதாகும். நடுவிலிருந்து இழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு விசை வேண்டும், பூமும் வளையாத கட்டுறுதியுடையதாக இருக்க வேண்டும். ஆனால் கயிற்றின் நீளக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 3 மீட்டர் பூம் நடுக்கோட்டிலிருந்து செங்கோணம் வரை திறந்தால் அதன் முனை தொடங்கிய இடத்திலிருந்து 4.2 மீட்டர் விலகுகிறது. இழுவிசையை மும்மடங்காக்கும் கப்பியமைப்பில் இதற்கு 13 மீட்டர் அளவு கயிறு ஓட வேண்டும். பூமின் நடுப்புள்ளி விலகுவது அதில் பாதியே. ஆனால் அங்கே அதே பலனைப் பெற ஆறு மடங்கு அமைப்பு வேண்டியிருப்பதால் ஓடும் கயிறு மீண்டும் அதே 13 மீட்டர்தான். எந்த இடத்தில் கட்டினாலும், எத்தனை கப்பி சேர்த்தாலும், விசையில் மிச்சப்படுத்தியதை நீளத்தில் கொடுத்தே ஆக வேண்டும். நடுவில் இறக்கும் அமைப்புகள் நடைமுறையில் மூன்று அல்லது நான்கு மடங்கோடு நின்றுவிட முடிவதற்குக் காரணம், கீழே இழுக்கும் சுமையைக் கிக்கர் ஏற்றுக்கொண்டதும், ஒரு திசையில் மட்டும் சுழன்று மறுதிசையில் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் ராட்செட் கப்பி கைக்குத் துணை வந்ததுமே ஆகும்.

நடுவிலிருந்து வரும் கயிறு ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே இருப்பதால், அவர் முன்நோக்கிப் பார்த்தபடியே இழுக்கலாம், விடலாம். படகு காற்றுக்கு முதுகுகாட்டித் திரும்பும் ஜைப் என்னும் அபாயமான கணத்தில், கயிற்றுக் கட்டு முழுவதையும் கையால் பற்றிப் பூமை மறுபக்கம் கொண்டுவரலாம். பின்பலகை அமைப்பில் அக்கணத்தில் தளர்ந்த கயிறு வளையமாகித் தலையிலோ படகின் பின்மூலையிலோ மாட்டிக்கொள்ளக்கூடும். லேசர் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு ஜைப்பிலும் கயிற்றை ஒருமுறை சுண்டிவிடுவது இதைத் தவிர்க்கவே. ஆனால் பின்பலகை அமைப்பு படகின் நடுப்பகுதியை முழுவதும் மனிதர்களுக்கே விட்டுவிடுகிறது. குடும்பத்தோடு செல்லும் படகில், பிள்ளைகள் முன்னும் பின்னும் நகரும் படகில், இரவில் கால் நீட்டிப் படுக்க வேண்டிய படகில் இது சிறிய நன்மை அன்று. நடுவில் குறுக்கே போடப்பட்ட தண்டவாளம் படகை இரண்டு அறைகளாக்கிவிடுகிறது. முழங்காலும் கணுக்காலும் அதை ஒவ்வொரு திருப்பத்திலும் நினைவுபடுத்திக்கொண்டிருக்கும். மேலும் அது நடுவில் மேல்நோக்கி இழுபடுவதால், வெறும் திருகாணிகளால் நிற்காது. தண்டவாளத்துக்குக் கீழே உறுதியான பலகையும், ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளும், அவற்றுக்கு அடித்தகடுகளும் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது பிரைடில். படகின் இரு ஓரங்களில் கட்டப்பட்டு நடுவில் கூம்பாக உயர்ந்து நிற்கும் அந்த இணைக்கயிற்றின் உச்சியில் அடிக்கப்பியைத் தொங்கவிட்டால், கப்பி பூமுக்கு அருகிலேயே இருப்பதால், சிறிதளவு வெளியே போன பூமையும் கயிறு நல்ல சாய்வில் உள்ளே இழுக்கிறது. விலை மிகக் குறைவு. தண்டவாளம் இல்லை, வண்டி இல்லை. ஆனால் அதன் உயரம் பாயின் இறுக்கத்தோடு பொருந்த வேண்டும்: கூடுதல் உயரமானால் பின்விளிம்பு விறைக்கும் முன்பே கப்பிகள் முட்டிக்கொள்ளும், தாழ்ந்துவிட்டால் நடுவில் ஒரே புள்ளியில் கட்டியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லாமல் போகும். உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு கயிறு இருந்தால் போதும். பொறுமையோடு அளந்து கட்டப்பட்ட பிரைடில், சிறுபடகுக்கு டிராவலர் தரும் மென்காற்று நன்மையின் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது.

கப்பிகளின் எண்ணிக்கையில் மிகையைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காற்றின் வேகம் மணிக்கு 8 கடல்மைலிலிருந்து 16 கடல்மைலாக இரட்டித்தால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகிறது என்ற அச்சத்தில், பலர் மிக வலுத்த காற்றுக்கான அமைப்பை நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறார்கள். அதன் விலை மென்காற்றில் தெரிகிறது: ஒவ்வொரு கப்பியும் தன் பங்கு உராய்வைப் பிடித்துக்கொள்வதால், கையை விட்டபின்பும் கயிறு ஓட மறுக்கிறது, பூம் வெளியே போவதில்லை, படகோட்டி பூமைக் கையால் தள்ள வேண்டியிருக்கிறது. காற்றின் செய்தியும் அந்த உராய்வில் தேய்ந்துவிடுகிறது. எளிதில் ஒரு சுற்றைக் கழற்றிவிடும்படி அமைத்து, 8 மில்லிமீட்டர் அளவில் கைக்கு இதமான கயிறும், தேவையான இடத்தில் ஒரு ராட்செட்டும் வைத்துக்கொள்வதே மேல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விட வேண்டிய கணத்தில் கயிறு விடுபட வேண்டும். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பற்களுடைய கிளீட் கைக்கு ஓய்வு தருவது. ஆனால் அது பொருத்தப்பட்ட கோணம் தவறானால், உடலை வெளியே சாய்த்திருக்கும் ஓட்டுபவர் எவ்வளவு சுண்டினாலும் கயிறு பற்களிலிருந்து எழாது, படகு கவிழும். கவிழ்ந்த படகிலும் மெயின்ஷீட் கிளீட்டில் சிக்கியிருந்தால், நிமிரத் தொடங்கும் பாய் மறுபடி காற்றைப் பிடித்து மீண்டும் சாய்த்துவிடும். ஆகவே கிளீட்டின் கோணத்தைப் படகுக்கு வெளியே நின்று தீர்மானிக்கக் கூடாது. படகைத் தரையில் தாங்குகட்டைகளின் மீது வைத்து, கடலில் உட்காரும் அதே நிலையில் உட்கார்ந்தும், வெளியே சாய்ந்தும், எழுந்து நின்றும் கயிறு ஒவ்வொரு நிலையிலும் ஒரே சுண்டலில் எழுகிறதா என்று பார்த்த பிறகே துளையிட வேண்டும்.

இத்தனையும் கருதிப் பார்க்கையில், 4 முதல் 5 மீட்டர் வரையுள்ள ஒற்றையுடல் படகை மகிழ்ச்சிக்காகவும் இடையிடையே கழகப் பந்தயத்துக்காகவும் ஓட்டுபவருக்குத் தண்டவாள டிராவலர் தேவையில்லை. அவருடைய பணம் முதலில் செல்ல வேண்டிய இடம் வலுவான, ஓட்டத்தின்போது எளிதில் இறுக்கவும் தளர்த்தவும் கூடிய கிக்கர். அடுத்தது உயரம் மாற்றக்கூடிய பிரைடில். அதற்கடுத்தது நல்ல ராட்செட் கப்பி. கிக்கர் இல்லாத இரட்டையுடல் படகுக்கும், 470 போன்ற வகுப்பில் ஒவ்வொரு வீச்சுக் காற்றுக்கும் வண்டியை நகர்த்தப் பயிற்சிபெற்ற கைகளுக்கும் டிராவலர் தன் விலைக்கு ஈடு செய்யும். மற்றவர்கள், தண்டவாளத்துக்காகப் படகின் பலகையில் துளையிடுமுன், பிரைடிலை வைத்து ஒரு பருவம் முழுவதும் ஓட்டிப் பார்க்கட்டும்; துளையைப் பிறகும் போடலாம், போட்ட துளையை அடைப்பது கடினம்.